நாமக்கல் பொன்னுசாமி வழக்கு

என். பி. பொன்னுசாமி வழக்கு என்பது, தேர்தல் முடியும் முன் நீதிமன்றம் குறுக்கிடலாமா என்ற கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1952 சனவரி 21 அன்று விடையளித்த வழக்காகும்.

முதல் பொதுத்தேர்தலில், அன்றைய சேலம் மாவட்டத்தின் நாமக்கல் சட்டமன்றத் தொகுதிக்குப் பொன்னுசாமி அளித்த வேட்புமனு 1951 நவம்பர் 28 அன்று பரிசீலனையில் தள்ளுபடியானது. அவர் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரினார். 329-ஆம் பிரிவின் தடையைக் காட்டி, தனக்கு அதிகாரமில்லை என்று அது மறுத்தது.

மேல்முறையீட்டில் ‘தேர்தல்’ என்ற சொல்லின் பொருளே விவாதமானது. வாக்குப்பதிவும் முடிவும்தான் தேர்தல். வேட்புமனு தள்ளுபடி அதற்கு முந்தையது, ஆகவே தடை பொருந்தாது என்றது பொன்னுசாமி தரப்பு. நீதிபதி பசல் அலி எழுதிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. அறிவிக்கை முதல் முடிவு அறிவிப்பு வரை அனைத்தும் தேர்தலே. உரிய காலத்தில் சட்டமன்றம் அமைய வேண்டுமானால் குறைகளைத் தேர்தல் முடிந்தபின் தேர்தல் வழக்கில்தான் எழுப்ப வேண்டும் என்றது.

நியாயமான காரணம்தான். ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு இது எளிதன்று. வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்த அக்காலத்தில், தள்ளுபடி தவறாகவே இருந்தாலும் வாக்குச்சாவடியில் அவருக்குப் பெட்டி இராது. வேட்புமனு தவறாகத் தள்ளப்பட்டதென்று பின்னர் மெய்ப்பித்தால் வென்றவரின் தேர்தலே செல்லாது என்பதுதான் சட்டம் தரும் ஈடு.

1952-இல் தேர்தல் தீர்ப்பாயங்கள் இவ்வழக்குகளை விசாரித்தன. 1966-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் உயர் நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. இன்று திண்டுக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான ஒருவர் மதுரைக் கிளைக்கு விரைந்தாலும், எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக்காட்டக்கூடியது இத்தீர்ப்பே. முடிவு வந்த 45 நாள்களுக்குள் அவர் தேர்தல் வழக்குத் தொடுக்கலாம்.