கெயில் நிறுவனம்: சூழலும் சமூகப் பொறுப்பும்

கெயில் (இந்தியா) லிமிடெட், பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பொதுத்துறை நிறுவனம். 1984 ஆகஸ்டில் இந்திய எரிவாயு ஆணையமாகத் தொடங்கி, 2002இல் இப்போதைய பெயரைப் பெற்றது. 2013இல் மகாரத்னா தகுதி அடைந்தது. பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய்கள் வழியாக எரிவாயுவைக் கொண்டுசென்று விற்பது இதன் முதன்மைத் தொழில். சூழல், சமூகப் பொறுப்பு ஆகியவற்றில் இதன் வரலாற்றை இரண்டு பக்கங்களாகப் பார்க்க வேண்டும். நிலக்கரிக்கும் டீசலுக்கும் பதிலாக வந்த எரிவாயுவால் சில நகரங்களின் காற்று தூய்மையானது ஒரு பக்கம். அந்த எரிவாயு வரும் குழாய் யாருடைய வயலுக்கு அடியில் கிடக்கிறதோ அவர்களுக்கு நிறுவனம் என்ன செய்தது என்பது மறுபக்கம். நிறுவனத்தை உண்மையில் சோதித்தது இந்த மறுபக்கமே.

தொடக்கம்

1974இல் மும்பைக்கு மேற்கே அரபிக்கடலில் மும்பை ஹை எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. எண்ணெயோடு சேர்ந்து எரிவாயுவும் வெளிவரும். அதைக் கரைக்குக் கொண்டுவரவும் வாங்குவோரிடம் சேர்க்கவும் போதிய குழாய்கள் இல்லாததால், அதில் கணிசமான பகுதி கடலிலேயே கொளுத்திவிடப்பட்டது. அருகிலுள்ள பேசின் வயலிலும் பெருமளவு எரிவாயு இருந்தது. இவற்றைப் பயன்படுத்தக் குஜராத்தின் ஹசீராவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் விஜய்ப்பூர் வழியாக உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூர் வரை குழாய் அமைக்கும் பொறுப்பு புதிய நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எச்.பி.ஜே. எனப்படும் அந்தக் குழாய்ப்பாதை 1980களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கியது. அதன் வழியில் யூரியா ஆலைகளும் மின்நிலையங்களும் எழுந்தன. அக்காலத்து நோக்கம் உர உற்பத்தி. காற்றின் தூய்மை அன்று யாருடைய கணக்கிலும் பெரிதாக இல்லை. ஆனால் வீணாக எரிந்த வாயு பயிருக்கு உரமானதும், வட இந்தியச் சமவெளியின் நடுவே குழாய் வந்து சேர்ந்ததும் பின்னால் நடந்தவற்றுக்கு வழிவிட்டன.

நீதிமன்றத்தின் பங்கு

தாஜ்மகாலின் பளிங்கு மஞ்சளித்து அரிக்கப்படுவதாகக் கூறி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1984இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். ஆக்ராவைச் சுற்றிய 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பு தாஜ் சரிவகப் பகுதி எனப்படுகிறது. வார்ப்பு ஆலைகளும் ஃபிரோசாபாத்தின் கண்ணாடி உலைகளும் அங்கே நிலக்கரியிலும் கல்கரியிலும் எரிந்துகொண்டிருந்தன. 1996 டிசம்பர் 30 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. 292 தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், முடியாதவை நிலக்கரியைக் கைவிட்டு வேறிடம் பெயர வேண்டும் என்றது. எரிவாயு வழங்கும் பொறுப்பு கெயிலுக்கு. இடம்பெயரும் ஆலைகளின் தொழிலாளர்களுக்கான உரிமைகளையும் தீர்ப்பு வகுத்தது.

ஃபிரோசாபாத்தின் வளையல் தொழில் இந்த மாற்றத்தின் பயனையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. பெரிய உலைகள் எரிவாயுவுக்கு மாறின, நிலக்கரிப் புகை குறைந்தது. ஆனால் வளையலின் இரு முனைகளையும் சுடரில் காட்டி ஒட்டும் வேலை, குடிசைகளில் பெண்களும் சிறுவர்களும் செய்த வேலை. மண்ணெண்ணெய்ப் புகையைச் சுவாசித்தபடி உட்கார்ந்திருந்த அவர்களின் வாசலுக்குக் குழாய் வரவில்லை.

தில்லியில் நடந்தது இதைவிடப் பெரிது. அதுவும் மேத்தா தொடுத்த வழக்கிலிருந்தே வந்தது. 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம், தலைநகரின் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31க்குள் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கெயிலும் பாரத் பெட்ரோலியமும் சேர்ந்து இந்திரபிரஸ்தா எரிவாயு நிறுவனத்தைப் பதிவுசெய்தன. தில்லி அரசும் அதில் பங்கு எடுத்தது. மும்பையில் இதே வேலைக்கென மகாநகர் எரிவாயு நிறுவனம் 1995லேயே அமைந்திருந்தது. கெடு நெருங்கியபோது தில்லியில் பேருந்துகளும் போதவில்லை, எரிவாயு நிலையங்களும் போதவில்லை. ஆட்டோ ஓட்டுநர்கள் மணிக்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். ஒரு நாள் கூலி அந்த வரிசையிலேயே போயிற்று. கெடு நீண்டது. 2002 ஏப்ரல் 5 அன்று டீசல் பேருந்து ஒன்றுக்கு நாள்தோறும் அபராதம் விதித்து நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது. அவ்வாண்டின் முடிவில் நகரப் பேருந்துகள் முழுவதும் மாறிவிட்டன. பேருந்துகளின் கரும்புகை மறைந்தது. பிற்பாடு பெருகிய டீசல் கார்களும் கட்டுமானத் தூசும் பயிர்த்தாள் எரிப்பும் கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன என்றாலும், ஒரு பெருநகரத்தின் பொதுப் போக்குவரத்தே சில ஆண்டுகளில் எரிபொருள் மாறியது அரிய நிகழ்ச்சி.

கெயிலின் வெளியீடுகள் இந்த இரு மாற்றங்களையும் அதன் சூழல் பணிகளாகக் குறிப்பிடுகின்றன. குழாயும் வாயுவும் அந்நிறுவனத்தினுடையவை என்ற அளவில் அது சரியே. எனினும் மாற்றத்துக்கு நாள் குறித்தது வழக்கும் தீர்ப்பும்தான். இதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு குறைபட்டுப்போகும்.

சட்டமும் சமூகப் பொறுப்பு நிதியும்

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கான சமூகப் பொறுப்பு வழிகாட்டுதல்களை அரசு 2010இல் வெளியிட்டது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின் மூலம் இதை எல்லாப் பெரிய நிறுவனங்களுக்கும் விரித்தது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கெயிலின் லாப அளவுக்கு இத்தொகை பெரும்பாலான ஆண்டுகளில் நூறு கோடி ரூபாயைத் தாண்டும்.

இப்பணிகள் ‘ஹ்ருதய்’ என்ற பொதுப்பெயரின் கீழ் ஆரோக்கியா, உஜ்வல், கௌஷல், உன்னதி, சஷக்த், சக்ஷம், ஹரித் என்று பிரிக்கப்பட்டுள்ளன. மருத்துவம், கல்வி, தொழில்திறன், ஊரக வளர்ச்சி, பெண்கள் முன்னேற்றம், மாற்றுத்திறனாளிகள் நலன், சூழல் என்று ஒவ்வொன்றும் ஒரு துறை. நடமாடும் மருத்துவ ஊர்திகள் குழாய்ப்பாதை செல்லும் மாவட்டங்களில் சுற்றுகின்றன. விஜய்ப்பூர் ஆலை அமைந்துள்ள குணா மாவட்டத்தில் தொழிற்பயிற்சி நிலையம் நடக்கிறது. இவற்றில் அதிகம் அறியப்பட்டது ‘உத்கர்ஷ்’. ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கான்பூரில் தங்கவைத்து உணவும் பயிற்சியும் கொடுத்து, ஐ.ஐ.டி. உள்ளிட்ட பொறியியல் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் திட்டம் அது. அங்கிருந்து ஐ.ஐ.டி.களுக்குச் சென்றவர்களில் தினக்கூலிகளின் பிள்ளைகளும் சிறு விவசாயிகளின் பிள்ளைகளும் உண்டு.

இத்திட்டங்களின் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்தாக வேண்டும். எந்த ஊருக்கு மருத்துவ ஊர்தி, எந்தப் பள்ளிக்குக் கட்டடம் என்பதை முடிவுசெய்வது நிறுவனம். குழாயால் நேரடியாகப் பாதிக்கப்படுகிறவருக்கு உரிய இழப்பீடும் பாதுகாப்பும் அப்படிப்பட்டவை அல்ல; அவை அவர் கேட்டுப் பெறும் உரிமை. முதலாவது எவ்வளவு பெருகினாலும் இரண்டாவதற்கு ஈடாகாது. 2014இல் கோதாவரிக் கரையில் இது கொடுமையான முறையில் தெளிவாயிற்று.

நகரம் கிராமத்து விபத்து

ஆந்திரப் பிரதேசத்தின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், இன்றைய கோனசீமா மாவட்டத்தில், தென்னந்தோப்புகள் சூழ அமைந்திருக்கிறது நகரம் என்ற கிராமம். எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் தாடிபாக்க நிலையத்திலிருந்து விஜயவாடா அருகே கொண்டபள்ளி மின்நிலையத்துக்கு வாயு கொண்டுசெல்லும் கெயில் குழாய், வீடுகளுக்கு மிக அருகில் போகிறது. 2014 ஜூன் 27 விடியற்காலையில் அந்தக் குழாய் வெடித்தது. கசிந்த வாயு இருளில் ஊருக்குள் பரவியிருந்தது. தீப்பிடித்ததும் வீடுகள், கடைகள், மரங்கள், ஆடுமாடுகள் எல்லாம் எரிந்தன. தூக்கத்தில் இருந்தவர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கசிவு பற்றி முன்பே புகார் சொல்லியிருந்ததாக ஊர்மக்கள் கூறினர்.

விசாரணையில் வெளிவந்த காரணம் எளியது, அதனாலேயே மன்னிக்க முடியாதது. அந்தக் குழாய் ஈரமற்ற வாயுவுக்காக வடிவமைக்கப்பட்டது. ஆனால் நீரும் திரவ ஹைட்ரோகார்பனும் கலந்த ஈர வாயு அதில் ஆண்டுக்கணக்காக ஓடியது. ஈரத்தைப் பிரித்தெடுக்கும் கருவி நிறுவப்படவில்லை. குழாயின் அடிப்பகுதியில் தேங்கிய நீர் எஃகை உள்ளிருந்தே அரித்துவிட்டது. உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குக் கெயில் தலா 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. மத்திய, மாநில அரசுகளும் தனியே உதவி வழங்கின. நாடெங்கும் குழாய்களின் நிலையை ஆராயும் பணிகள் முடுக்கிவிடப்பட்டன. உள்ளே கருவியை ஓடவிட்டு அரிப்பை அளப்பதும், கசிவுப் புகாருக்கு உடனே ஆள் அனுப்புவதும் சமூகப் பொறுப்பு நிதிக் கணக்கில் வருவதில்லை. ஆனால் குழாய்க்கு அருகே குடியிருப்பவருக்கு இவற்றைவிட முக்கியமான பொறுப்பு வேறில்லை.

நிலம்: கொங்கு நாடும் கேரளமும்

குழாய் பதிக்க நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலிய, கனிமக் குழாய்ப்பாதைச் சட்டம் நிலத்தின் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ள வழிசெய்கிறது. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் செல்லும் பட்டையில் அவர் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. இதற்கு நிலமதிப்பில் 10 விழுக்காடும் பயிர்ச்சேதத்துக்கான தொகையும் இழப்பீடு. நெல் வயலில் இந்த ஏற்பாட்டைத் தாங்கிக்கொள்ளலாம். தென்னையையும் கிணற்றையும் நம்பி வாழும் சிறு தோட்டத்தில் இருபது மீட்டர் அகலப் பட்டை போனால் மிஞ்சுவது குறைவு. விற்கப் போனாலும் விலை போகாது.

கொச்சி திரவ இயற்கை எரிவாயு முனையத்திலிருந்து பெங்களூருக்குத் திட்டமிடப்பட்ட குழாய், தமிழ்நாட்டின் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் செல்வதாக இருந்தது. விளைநிலத்தைக் கெடுக்காமல் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்பது விவசாயிகளின் கோரிக்கை. 2013 மார்ச்சில் முதலமைச்சர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அதை ஏற்று, தோண்டிய குழிகளை மூடும்படி நிறுவனத்தை வலியுறுத்தினார். கெயில் நீதிமன்றம் சென்றது. 2013 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில அரசின் மேல்முறையீட்டை 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டப்படி வென்ற பிறகும் கொங்கு மண்டலத்தில் நிறுவனத்தால் எளிதாகக் கால் வைக்க முடியவில்லை. 2022 ஏப்ரலில் தருமபுரி மாவட்டத்தில் நில அளவைக்கு எதிர்ப்பு நடந்துகொண்டிருந்தபோது விவசாயி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார்.

கேரளத்திலும் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 2017 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தின் முக்கம் பகுதியில் காவல்துறையோடு மோதல் ஏற்பட்டது. ஆனால் அங்கே பேச்சு வேறு திசையில் போயிற்று. மாநில அரசு இழப்பீட்டைக் கூட்டியது. பத்து சென்ட் அல்லது அதற்கும் குறைந்த நிலம் உள்ளவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் தனி உதவியும், மிஞ்சும் துண்டில் வீடு கட்டிக்கொள்ள இடவசதியும் அளித்தது. 450 கிலோமீட்டர் நீளமுள்ள கொச்சி–மங்களூரு குழாய் 2021 ஜனவரி 5 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதுவரை, 2013இல் இயங்கத் தொடங்கிய கொச்சி முனையம் தன் திறனில் சிறு பகுதியையே பயன்படுத்தி வந்தது. ஒரே திட்டம், ஒரே சட்டம். ஒரு மாநிலத்தில் குழாய் ஆண்டுக்கணக்கில் நின்றது, மற்றதில் முடிந்தது. நிலப்பரப்பும் அரசியலும் வேறு என்றாலும், சட்டம் விதித்ததற்கு மேலே இழப்பீடு தர அரசு முன்வந்ததா இல்லையா என்பது முடிவைப் பெரிதும் தீர்மானித்தது.

காவிரிப் படுகையில் கெயிலின் பணி இதைவிடப் பழையது. அங்கு எடுக்கப்படும் வாயு குத்தாலம், கோவில்களப்பால், வழுதூர் மின்நிலையங்களுக்குச் செல்கிறது. நட்ட பயிரினூடே குழாய் பதிக்கும்போதெல்லாம் டெல்டாவிலும் எதிர்ப்பு எழுந்திருக்கிறது.

கரிமக் கணக்கு

பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, சூழலும் சமூகமும் சார்ந்த விரிவான அறிக்கையை 2022–23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முன்னணியில் உள்ள ஆயிரம் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. நிகர சுழிய உமிழ்வை 2040க்குள் எட்டுவதாக அறிவித்திருந்த கெயில், பின்னர் அதை 2035 என முன்தள்ளியது. ஆலைகளிலும் அழுத்த நிலையங்களிலும் தான் எரிப்பதும், தான் வாங்கும் மின்சாரமும் இந்த இலக்கில் அடங்கும். விற்ற வாயுவை வாடிக்கையாளர் எரிப்பதால் வரும் உமிழ்வு இதனினும் பன்மடங்கு பெரிது; அதில் நிறுவனம் முன்வைப்பது பகுதிக் குறைப்பு மட்டுமே.

2022 ஜனவரியில் இந்தூரின் நகர எரிவாயு வலையில் ஹைட்ரஜனைக் கலந்து அனுப்பும் முயற்சி தொடங்கியது. 2024இல் விஜய்ப்பூரில் 10 மெகாவாட் மின்பகுப்பு ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 4.3 டன் ஹைட்ரஜன் அதன் திறன்.

நிலக்கரியோடு ஒப்பிட்டால் இயற்கை எரிவாயு எரியும்போது ஏறத்தாழ பாதிக் கரியமில வாயுவையே வெளியிடுகிறது. தூய எரிபொருள் என்ற பெயர் அதனால் வந்தது. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கசிவு சில விழுக்காட்டைத் தாண்டினாலே நிலக்கரியைவிட மேல் என்ற வாதம் தளர்ந்துவிடும். மீத்தேன் உமிழ்வைக் குறைப்பதற்கென 2021இல் உருவான உலக உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. எனவே வால்வுகளிலும் இணைப்புகளிலும் எவ்வளவு கசிகிறது என்பதை அளந்து வெளியிடுவது பெரும்பாலும் நிறுவனங்களின் கையிலேயே இருக்கிறது.