கனாரித் தீவின் ஆதிக்குடிகளும் ஒரு நூதனசாலையும்

ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் அமைந்த கிரான் கனாரியாத் தீவினை ஸ்பானியர் 1478 முதல் 1483 வரை போரிட்டுக் கைப்பற்றினர். ஆங்கு வாழ்ந்த ஆதிக்குடிகளின் மொழி காலப்போக்கில் வழக்கொழிந்தது. அவர்தம் வரலாற்றை எழுதியோரும் வென்றவர்களே.

இக்குறையை நிறைக்க முற்பட்டவர் கிரெகோரியோ சில் இ நரன்ஹோ என்னும் மருத்துவர். அவரும் நண்பர்களும் 1879 இல் லாஸ் பல்மாஸ் நகரில் நிறுவிய கனாரி நூதனசாலையில், தாரா என வழங்கும் சுடுமண் உருவமும், கோலம் பொறித்த மண்முத்திரைகளும், பதப்படுத்தப்பட்ட சடலங்களும் பேணப்படுகின்றன. உலோகக் கருவியின்றி வாழ்ந்த அம்மக்கள் வாற்கோதுமை விளைவித்துக் குகைகளிற் சேமித்த திறனைத் தொல்பொருள்கள் புலப்படுத்துகின்றன.

அவர்கள் வட ஆபிரிக்கப் பேர்பர் இனத்தாரோடு உறவுடையோர் என்பதையும், அவர்தம் மரபு இன்றைய கனாரியரிடத்தும் தொடர்வதையும் மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓரினம் அடியோடு அழிந்ததெனக் கூறுமுன், ஏட்டோடு மண்ணையும் வினவுதல் வரலாற்று மாணவர் கடனாகும்.