மணவுறவும் ஆவண நிலையும்: சேலம், நாமக்கல் சமவெளியின் இலங்கைத் தமிழர் குடும்பங்களும் இந்தியக் குடியுரிமைச் சட்டமும் (1955–2025)

விசாக் கெடு முடிந்த பிறகும் இந்தியாவில் தங்கிவிட்ட அயல்நாட்டவர் ஒருவர் இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தால், அந்த மணம் சட்டப்படி செல்லும். ஆனால் அதனால் மட்டும் அவருடைய தங்கல் முறைப்படுவதில்லை, குடியுரிமையும் கிடைப்பதில்லை. மணப்பதிவு சார்பதிவாளர் அலுவலகத்தின் வேலை. தங்கலுக்கான அனுமதி மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. இந்த நிலை ஒரே சட்டத்தில் வந்ததன்று. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதற்கு 1986, 2003ஆம் ஆண்டுகளில் வந்த திருத்தங்களும் படிப்படியாக அதை உருவாக்கின. மணத்தின் வழியே குடியுரிமை கேட்பவர் ஆணா பெண்ணா என்று முதலில் பார்த்த சட்டம், பிறகு அவர் இங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று பார்த்தது. 2003க்குப் பின், அவர் எந்த ஆவணத்தோடு வந்தார், அது எப்போது காலாவதியானது என்பதையே முதன்மையாகப் பார்க்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த மாற்றத்தின் விளைவைத் தெளிவாகக் காட்டுபவை இலங்கைத் தமிழர் குடும்பங்கள். ஓமலூர் வட்டாரத்துக் குருக்குப்பட்டி, தாரமங்கலத்தை ஒட்டிய பவளத்தானூர், பரமத்தி, எருமப்பட்டிப் பக்கத்து எம்.மேட்டுப்பட்டி ஆகிய ஊர்களில் அவர்களுக்கான முகாம்கள் உள்ளன. முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு வாடகை வீடுகளில் வாழ்வோரும் தமிழகம் எங்கும் உண்டு.

விசா இல்லாத காலமும் அதன் முடிவும்

பிரித்தானிய ஆட்சியில் சேலம், திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியே இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் ஒரே பேரரசின் குடிகளாகவே கடல் கடந்தனர். மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புச் சோதனை முடித்து, தலைமன்னார் வழியே மலையகம் போவதும் ஊர் திரும்பிப் பெண்ணெடுத்துச் செல்வதும் வழக்கமாக இருந்தன. அக்காலச் சட்டத்தில் மனைவியின் தேசியம் கணவனுடையதைத் தொடர்ந்தது. 1914ஆம் ஆண்டின் பிரித்தானிய தேசியச் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருந்தது.

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் இந்தப் போக்குவரத்தை முறித்தன. மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். அனுமதியின்றிக் கடல் கடந்தவர்களைக் ‘கள்ளத்தோணி’ என்று அழைக்கும் வழக்கம் அங்கே பரவியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இந்த ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு ‘தாயகம் திரும்பியோர்’ ஆனார்கள். அதே தோட்டங்களில் இருந்து பிற்காலத்தில் கலவரத்துக்கு அஞ்சி வந்தவர்களுக்கு அந்தத் தகுதி கிடைக்கவில்லை. ஒரே கொடிவழியில் ஒரு கிளை குடிமக்களாகவும் மறு கிளை அயல்நாட்டவராகவும் இருப்பதன் காரணம் இதுவே.

1955: மனைவிக்கு மட்டும் திறந்த வழி

1955 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(இ) பிரிவு, இந்தியக் குடிமகனை மணந்த பெண் பதிவின் மூலம் குடியுரிமை பெற வழி தந்தது. பழைய சட்டம் போல மணத்தோடு தேசியம் தானாக மாறவில்லை. பெண் விண்ணப்பிக்க வேண்டும், அரசு ஏற்க வேண்டும். இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு இந்தப் பிரிவில் இடமில்லை. அவர் இந்திய வம்சாவளியினராக இருந்தால் வேறு பிரிவில் பதிவு கேட்கலாம். இல்லாவிட்டால் நீண்ட கால வசிப்பின் அடிப்படையிலான இயல்புரிமை வழியைத்தான் நாட வேண்டும்.

அந்தச் சட்டம் பிறப்புரிமையில் தாராளமாக இருந்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் எந்நாட்டவராயினும் குடிமகனே. அயல்நாட்டவரின் வருகையையும் தங்கலையும் 1920, 1939, 1946ஆம் ஆண்டுகளின் தனிச் சட்டங்கள் ஒழுங்குபடுத்தின. கெடு மீறியவரைத் தண்டிப்பதும் வெளியேற்றுவதும் அவற்றின் வேலையாக இருந்தன. ஆனால் கெடு மீறிய ஒருவரை ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று முத்திரையிட்டுக் குடியுரிமை விண்ணப்பத்திலிருந்தே விலக்கும் சொற்கள் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்போது இல்லை.

1983க்குப் பின்: படகும் விமானமும்

1983 ஜூலைக் கலவரத்தோடு தொடங்கிய வருகை நான்கு அலைகளாக 2010 வரை நீண்டது. தமிழக அரசின் கணக்கில் மொத்தம் 3,04,269 பேர் வந்தனர். 1983 ஜூலை 24 முதல் 1987 ஜூலை 29 வரையிலான முதல் அலையில் மட்டும் வந்தவர்கள் 1,34,053 பேர். ராமேசுவரம் கரையில் படகிலிருந்து இறங்கியவர்கள் மண்டபத்தில் பதிவாகி, அங்கிருந்து உள் மாவட்டங்களின் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் உள்ள சேலம் சமவெளிக்கு அவர்கள் வந்து சேர்ந்தது இவ்வழியில்தான்.

கையில் பணமும் கடவுச்சீட்டும் இருந்தவர்கள் விசா பெற்று விமானத்தில் வந்தனர். ஊரில் போர் தொடர்ந்ததால் விசா முடிந்தும் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே வாழ்ந்தனர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட விவரப்படி 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேரும், முகாமுக்கு வெளியே 13,540 குடும்பங்களைச் சேர்ந்த 34,087 பேரும் வாழ்ந்தனர்.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. ஆகவே மறுவாழ்வுத் துறை வழங்கும் பணக்கொடை, வீடு, அரிசி எல்லாம் நிர்வாக ஆணைகளின் வழி வருபவை. முகாம் அடையாள அட்டையும், இங்கே வசிப்பதை மட்டுமே காட்டும் ஆதாரும் ஒருவரைக் குடிமகன் ஆக்குவதில்லை.

முகாமில் பிறந்து, ஊர்ப் பள்ளியில் படித்து, பெயிண்ட் அடிக்கும் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்வரும் தலைமுறை உள்ளூரில் பெண்ணெடுத்ததும் பெண் கொடுத்ததும் இயல்பான வளர்ச்சி. மொழியும் கோயிலும் பொதுவாக இருந்ததால் சமூக அளவில் இத்தகைய மணங்களுக்குப் பெரிய தடை எழவில்லை. தடை எழுந்தது அரசு ஆவணங்களில்.

1986, 2003: வசிப்பிலிருந்து ஆவணத்துக்கு

1986ஆம் ஆண்டுத் திருத்தம் 5(1)(இ) பிரிவில் ‘பெண்’ என்ற இடத்தில் ‘நபர்’ என்று மாற்றியது. இந்தியப் பெண்ணின் அயல்நாட்டுக் கணவரும் பதிவு கேட்கலாம் என்றானது. கூடவே ஐந்தாண்டு வசிப்பு கட்டாயமானது. பிறப்புரிமையும் சுருங்கியது: 1987 ஜூலை 1 முதல் பிறக்கும் குழந்தைக்குத் தாய், தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.

2003இல் நிறைவேறி 2004 டிசம்பர் 3இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் ஆழமானது. அது ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வகையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர், செல்லத்தக்க ஆவணத்தோடு நுழைந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர் ஆகிய இருவரும் அதில் அடங்குவர். பதிவு, இயல்புரிமை ஆகிய இரு வழிகளும் இவர்களுக்கு மூடப்பட்டன. மணத்தின் வழியே பதிவு கேட்பவர் ஏழு ஆண்டு வசித்திருக்க வேண்டும்: விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ச்சியாக, அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் மொத்தம் ஆறு ஆண்டுகள். கெடு மீறியவர் முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தாலும் அந்தக் கணக்கைத் தொடங்கவே இயலாது.

அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இதன் தன்மை விளங்கும். அங்கே எல்லையில் சோதிக்கப்பட்டு முறைப்படி நுழைந்தவர் விசாக் கெடு தாண்டித் தங்கியிருந்தாலும், அமெரிக்கக் குடிமகனை உண்மையாக மணந்திருந்தால், பொதுவாக நாட்டைவிட்டு வெளியேறாமலே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். சோதனையின்றி நுழைந்தவருக்கு அவ்வழி பெரும்பாலும் இல்லை. இந்தியச் சட்டம் இவ்விரு வகையினரையும் பிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து விசாவோடு திருச்சியில் விமானம் இறங்கியவரும், தலைமன்னாரிலிருந்து இரவுப் படகில் அரிச்சல்முனை வந்தவரும் அதன் முன் ஒன்றே.

பிள்ளைகளுக்கு இறங்கிய தடை

2003ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோரின் ஆவண நிலையைப் பிள்ளையின் பிறப்புரிமையோடும் இணைத்தது. 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

1990இல் படகில் வந்து முகாமில் பதிந்த ஒருவர் நாமக்கல் வட்டாரத்துப் பெண்ணை 2000இல் மணந்தார் என்று கொள்வோம். 2002இல் பிறந்த மூத்த பிள்ளை, தாய் இந்தியக் குடிமகள் என்பதால், பிறப்பாலேயே குடிமகன். 2006இல் அதே அரசு மருத்துவமனையில் பிறந்த இளைய பிள்ளைக்கு, தந்தை சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறைக்குள் வருவதால், அந்த உரிமை இல்லை. மூத்தவருக்கு வாக்காளர் அட்டையும் கடவுச்சீட்டும் கேட்க உரிமை உண்டு, இளையவருக்கு இல்லை. சிறப்புச் சூழல் இருப்பதாக மத்திய அரசு கருதினால் எந்த மைனரையும் பதிவு செய்யலாம் என்கிற 5(4) பிரிவு இவருக்கு எஞ்சியிருந்த வழி. ஆனால் அது அரசின் விருப்புரிமை. இவர் பதினெட்டு வயதைக் கடந்ததோடு அதுவும் முடிந்துவிட்டது.

நீதிமன்றங்களின் பார்வை

அயல்நாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கிலும் 1991இல் லூயி டி ராட் வழக்கிலும் உறுதி செய்தது. உயிருக்கும் தன்னுரிமைக்கும் உள்ள, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பின் காப்பு அயல்நாட்டவருக்கும் உண்டு. நாட்டில் தங்கிக் குடியிருக்கும் 19ஆம் உறுப்பின் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்பது இவ்வழக்குகளின் சாரம்.

2019 ஜூன் 17இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் வழக்கில் வேறொரு கோணத்தைத் திறந்தார். சொல்லளவில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளே ஆயினும், விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உட்கிடையாக உண்டு என்று கூறி, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கப் பணித்தார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022இல் அதே கிளை உத்தரவிட்டது. 1987க்கு முந்தைய பிறப்பு என்பதால் அவர் பிறப்பாலேயே குடிமகள். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார்.

மணமும் குடும்பமும் போதிய காரணம் ஆகுமா என்பது 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவர், தாம் விசாவில் வந்ததையும், மனைவியும் பிள்ளைகளும் இங்கே வாழ்வதையும், திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்பதையும் சொல்லி வெளியேற்றத்தை எதிர்த்தார். நீதிபதிகள் தீபங்கர் தத்தா, கே.வினோத் சந்திரன் அமர்வு தலையிட மறுத்தது.

2019 முதல் 2025 வரை

2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்ற தடையை முதன்முறையாகச் சிலருக்கு நீக்கியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தவருக்கு அது பொருந்தும். 2024 மார்ச் 11இல் விதிகள் வெளியாயின. இலங்கை அதில் இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்து, முகாம்களின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. குடியுரிமை மத்திய அரசின் அதிகாரம் என்பதால் மாநில நடவடிக்கை நலத்திட்ட அளவிலேயே நிற்கிறது.

2025ஆம் ஆண்டுக் குடிவரவு, அயல்நாட்டவர் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களை நீக்கியது. விசாக் கெடு மீறலுக்கு மூன்றாண்டு வரை சிறையோ மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இதையொட்டி வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9க்குள் இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழருக்குச் செல்லத்தக்க பயண ஆவணமும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. சிறை அச்சம் இதனால் நீங்கியது. ஆயினும் குடியுரிமைச் சட்டத்தின் வரையறையை இந்த ஆணை திருத்தவில்லை. 5(1)(இ) பிரிவின் கீழ் மணம் காட்டிப் பதிவு கேட்பதற்கான தடையும், 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகளின் நிலையும் சட்ட எழுத்தில் முன்போலவே உள்ளன. அவற்றை மாற்ற நாடாளுமன்றம் மற்றொரு திருத்தத்தை நிறைவேற்ற வேண்டும். இல்லையேல் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு சுட்டிய தளர்வு அதிகாரத்தை மத்திய அரசு பயன்படுத்த வேண்டும்.