அப்பாவிடம் சொல்லாமல் வாங்கிய டி.சி.



போன வாரம் வளைகுடாவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், நானும் அவளும் பிரிஞ்சு ஒரு வருசமாச்சு. இப்ப அவ பிள்ளையையும் கூட்டிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போறா. தடுக்க வழி உண்டா?" நான் வக்கீல் இல்லை, மக்களே. ஆனால் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. படித்துத் தெரிந்ததை, அவன் சம்மதத்தோடு, எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

பிள்ளை அப்பனுக்கே சொந்தம் என்பதுதான் இங்கிலாந்தின் பழைய சட்டம். 1836-ல் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரும் கணவரும் பிரிந்தபோது கணவர் மூன்று ஆண் பிள்ளைகளையும் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அந்த அம்மா பிரசுரங்கள் எழுதி, பாராளுமன்றம்வரை போராடி, 1839-ல் ஒரு சட்டமே வரக் காரணமானார். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் தரும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்றது அது. ஆனால் அவருடைய பிள்ளைகள் இருந்தது ஸ்காட்லாந்தில். இங்கிலாந்து நீதிமன்றத்தின் அதிகாரம் அங்கே செல்லாது. 1842-ல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். தாய் போய்ச் சேரும் முன் எல்லாம் முடிந்துவிட்டது. சட்டம் வரப் பாடுபட்டவரையே தூரம் தோற்கடித்தது.

நம் நாட்டில் 1890-ல் வந்த காப்பாளர், காப்புச் சிறார் சட்டம் இன்றும் எல்லா மதத்தாருக்கும் நடப்பில் இருக்கிறது. பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ, அந்த ஊர் மாவட்ட நீதிமன்றத்தில்தான் வழக்கு என்கிறது அது. நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அதன் அனுமதி இல்லாமல் பிள்ளையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்றும், விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்றும் அதில் இருக்கிறது. நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த அதே 1956-ல் இந்துக்களுக்கு ஒரு தனிச் சட்டமும் வந்தது. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றது அது.

விமானம் பெருகியபின் மாவட்ட எல்லை நாட்டு எல்லையானது. 1980-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. முறையில்லாமல் வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையை, அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைவில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதில் சேரவில்லை. ஆகவே ஒவ்வொரு வழக்கும் தனித்தனியே முட்டி மோதுகிறது.

வி. ரவிச்சந்திரன் வழக்கைப் பாருங்கள். அமெரிக்க நீதிமன்ற உத்தரவுப்படி பெற்றோர் இருவருக்கும் பொறுப்பு இருந்த ஒரு சிறுவனை 2007-ல் தாய் இந்தியாவுக்கு அழைத்து வந்துவிட்டார். தகப்பன் உச்ச நீதிமன்றம் போனார். இரண்டு வருடத்துக்குப் பிறகு சி.பி.ஐ. சென்னையில்தான் அவர்களைக் கண்டுபிடித்தது. அதற்குள் அந்தப் பிள்ளை ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக மாறியிருந்தான். எங்கும் வேர் பிடிக்கவில்லை. அமெரிக்காவுக்கே போய் அங்குள்ள நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று 2009-ல் தீர்ப்பானது. 2017-ல் இன்னொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு உத்தரவு ஓர் அம்சம் மட்டுமே, பிள்ளையின் நலனே முதன்மை என்றது. 2020-ல், பெற்றோர் இருவரின் அன்பும் பிள்ளையின் உரிமை, தூரத்தில் இருப்பவர் வீடியோ அழைப்பிலாவது பேச வழி வேண்டும் என்றது.

நூற்றெண்பது வருடத்தில் கேள்வி மாறிவிட்டது. 'பிள்ளை யாருக்குச் சொந்தம்' என்று கேட்ட சட்டம் இப்போது 'பிள்ளைக்கு எது நல்லது' என்று கேட்கிறது. நாம்தான் இன்னும் பழைய கேள்வியிலேயே நிற்கிறோம்.

நானும் நின்றவள்தான். பல வருடத்துக்கு முன், தலைமையாசிரியர் பொறுப்பில் இருந்தபோது, மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா நடுவருடத்தில் டி.சி. கேட்டாள். திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். அவள் பிழைப்பு அவளுக்கு, அதில் தப்பில்லை. நான் கையெழுத்துப் போடும்போது பையன் மேசையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாட்ட சொல்லிட்டுப் போவமா டீச்சர்?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, வழக்கம்போல அப்பன் வந்தான். பால்வெட்டுத் தொழிலாளி. கையில் முந்திரிக்கொத்துப் பொட்டலம். "பிள்ளை வரல்லியா டீச்சர்?" விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றான். "மத்த பிள்ளைகளுக்குக் குடுங்க" என்று பொட்டலத்தைத் தந்துவிட்டு நடந்தான். விதிப்படி நான் செய்தது சரியாக இருக்கலாம். ஆனாலும் "அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போம்மா" என்று அவளிடம் நான் சொல்லியிருக்கலாம்.

மாணவனுக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "தடுக்க வழி தேடாதே மக்களே. அவள் கிளம்பும் முன் உட்கார்ந்து பேசு. எந்த விடுமுறை உன்னிடம், எந்த நேரம் போனில் பேச்சு, எந்தப் பள்ளி என்று எழுதி, வக்கீலைப் பார்த்து நீதிமன்ற உத்தரவாகவே வாங்கிக்கொள். முக்கியமாக, பிள்ளையிடம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள்."

உங்களில் யாராவது இந்த நிலையில் இருந்தால், கோபம் தணிந்தபின் ஒருமுறை இதைப் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்