சராசரி

பாரசீகத்தில் ‘முனை முதல் முனை வரை, முழுவதும்’ எனப் பொருள்படும் ‘சராசர்’ என்பதிலிருந்து பிறந்து, உருது, மராத்தி மொழிகளில் வழங்கும் ‘சராசரி’, தமிழில் மதிப்புகளின் கூட்டுத்தொகையை அவற்றின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் அளவைக் குறிக்கிறது. சாயல்குடிப் பள்ளியொன்றில் 20 சொற்களைக் காட்டி நினைவாற்றலைச் சோதிக்க, ஐந்து மாணவர்கள் முறையே 4, 5, 5, 6, 15 சொற்களை நினைவுகூர்ந்தனர் எனக் கொண்டால், சராசரி 7 ஆகும். ஆனால் 7 பெற்றவர் ஒருவரும் இலர், நால்வர் அதற்குக் கீழேயே நிற்கின்றனர், 15 என்னும் ஒற்றை மதிப்பே அதனை உயர்த்திவிடுகிறது. ஏறுவரிசையில் நடுவே நிற்கும் இடைநிலை அளவான 5, இக்குழுவை உண்மைக்கு நெருக்கமாகக் காட்டுகிறது. மதிப்புகளின் சிதறலை அளக்கும் திட்டவிலக்கமோ இங்கு ஏறத்தாழ 4. ஆகவே உளவியல் ஆய்வில் சிதறலைச் சொல்லாமல் சராசரியை மட்டும் தருவது குறையுடையது. ஒரு பிள்ளையைச் ‘சராசரி மாணவர்’ என முத்திரை குத்த அவ்வெண் ஒருபோதும் சான்றாகாது.