நெகிழி மூச்சுக்குழாயும் சுவீடன் நீதிமன்றமும்

தாங்கி ஒன்றின்மேல் நோயாளியின் உயிரணுக்களைப் படியவிட்டு வளர்த்து, பழுதுற்ற உறுப்புக்கு மாற்றாகப் பொருத்த முயலும் துறை திசுப் பொறியியல் எனப்படுகிறது. இத்துறையின் அறநெறி எத்துணை எளிதில் கைவிடப்படும் என்பதை, 2011 ஜூனில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் இத்தாலிய அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி செய்த சிகிச்சை காட்டியது.

மூச்சுக்குழாயில் கட்டி வளர்ந்திருந்த ஒருவருக்கு அக்குழாயின் வடிவிலேயே நெகிழிக் குழாய் செய்யப்பட்டு, அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த உயிரணுக்கள் அதன்மேல் 36 மணி நேரம் ஊறவிடப்பட்ட பின் பொருத்தப்பட்டது. மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள், அதாவது பல்வகை உயிரணுக்களாக மாறவல்ல மூல அணுக்கள், குழாயை உயிருள்ள திசுவாக்கும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் இயற்கைக் குழாயின் உட்சுவரில் சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகளும் அதற்கு உயிரூட்டும் இரத்த நாளங்களும் உண்டு. நெகிழியில் இரண்டும் இல்லை. அவர் 2014 ஜனவரியில் இறந்தார். அம்மருத்துவமனையில் இக்குழாய் பொருத்தப்பட்ட மற்ற இருவரும் பிழைக்கவில்லை.

மனிதர்மீது செய்யப்படும் சோதனை விலங்குச் சோதனையின் முடிவுகளை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் நியூரம்பர்க் நெறிமுறை வகுத்திருந்தும், அத்தகைய சோதனையோ அறநெறிக் குழுவின் ஒப்புதலோ இன்றி இக்குழாய் பொருத்தப்பட்டது. வேறு வழியற்றவருக்குச் செய்யும் இறுதி முயற்சி என்ற பெயர், ஆய்வைச் சிகிச்சையாகக் காட்டப் போதுமானதாயிற்று. நோயாளியின் நம்பிக்கையை இப்படிப் பயன்படுத்தியதே இவ்விவகாரத்தின் மிகக் கொடிய பகுதி.

2014இல் அதே மருத்துவமனையின் நான்கு மருத்துவர்கள், நோயாளிகளின் மருத்துவப் பதிவேடுகள் ஒன்றையும் இச்சிகிச்சை பற்றி மக்கியாரினி வெளியிட்ட கட்டுரைகள் வேறொன்றையும் சொல்வதை ஒப்பிட்டுப் புகார் அளித்தனர். வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட பேராசிரியர் பெங்ட் கெர்டின் 2015இல் முறைகேட்டை உறுதிசெய்தும், மருத்துவ நோபல் பரிசைத் தேர்ந்தெடுக்கும் கரோலின்ஸ்கா நிறுவனம் அவ்வறிக்கையை ஏற்காமல் மக்கியாரினியைக் குற்றமற்றவர் என்றது. 2016 ஜனவரியில் சுவீடன் தொலைக்காட்சியின் ஆவணப்படம் வெளிவந்த பிறகே நிறுவனத் தலைவர் ஆண்டர்ஸ் ஹாம்ஸ்டன் பதவி விலகினார். மார்ச்சில் மக்கியாரினி நீக்கப்பட்டார். புகார் அளித்தவர்களில் சிலரும் அக்கட்டுரைகளின் இணையாசிரியர்கள் என்பதால் 2018இல் பொறுப்பாளிகளாக்கப்பட்டனர். உண்மையை வெளிக்கொணர்ந்தவர்களுக்கு இது தகுந்த கைம்மாறு அன்று.

2023 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அறுவையின்போது மூவரில் இருவர் அவசர நிலையில் இல்லை என்று கண்டு, மூவர்மீதும் கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்காக மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.