மூக்கு வழி மூச்சு

"வாப்பா, புள்ளைக்கு மூக்காலயாம் குழாய் போடுவாங்க. வாயால போட ஏலாதா?" பேரனின் பல் சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மகள் கேட்டாள். விடை தேடிய நான் முதலாம் உலகப் போரில் போய் நின்றேன்.

முகம் சிதைந்த படைவீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹரல்ட் கில்லிஸ் முகம் சீரமைத்தார். மயக்க முகமூடியோ அவர் கத்திக்குக் குறுக்கே நின்றது. போர் முடிந்தபின் அங்கு மயக்கமருந்து கொடுத்த மகில், ரோபொதம் இருவரும் மூக்கு வழியே மூச்சுக்குழாய்க்குள் இறப்பர்க் குழாயைச் செலுத்தினர். முகம் கில்லிஸின் கைக்குக் கிடைத்தது.

பல் வைத்தியருக்கும் அப்படித்தான் வாய் வேண்டும். 1981இல் ஆர்ச்சி பிரெய்ன், பல் வைத்தியர்களின் மூக்கு முகமூடியிலிருந்தே குரல்வளைமேல் அமரும் முகமூடியின் முதல் மாதிரியைச் செய்தார். ஓரிரு பல் பிடுங்க அது போதலாம். நீண்ட வேலைக்கு மூக்குக் குழாயே வசதி. மூக்கில் கொஞ்சம் இரத்தம் கசியலாம்.

"பயப்படாதீங்க மகள், நூறு வருஷமாப் பழகின வழிதான்" என்றேன்.